வாசகர் கேள்வி – பதில்: ‘சைலன்ஸ்’ படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா?

கேள்வி: மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய ‘சைலன்ஸ்’ என்ற படத்தைப் புனித வெள்ளியன்று மாலை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று என் கொழுந்தனார் சொல்கிறார். வேதசாட்சிகளைப் பற்றிய படம் என்பதால் பிள்ளைகளுக்கு நல்லது என்பது அவர் எண்ணம். வீட்டில் ஒன்பது வயது மகள், பதினைந்து வயது மகன், தினமும் மாலையில் செபமாலை சொல்லாமல் சாப்பிடாத 72 வயது மாமியார் ஆகியோர் இருக்கிறார்கள். முன்னோட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என் தயக்கம் சரியா? (ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: சரிதான், சகோதரி. இந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்; நான் பெரிதும் மதிக்கும் படங்களுள் இதுவும் ஒன்று. அதனாலேயே, இது தவறான நாளில் தவறான வயதினர் முன் ஓடிவிடக் கூடாது என்ற அக்கறையும் எனக்கு உண்டு. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இருப்பதால் மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பதிலுக்காகப் படத்தின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு எதைக் காட்டுகிறோம் என்று தெரிந்துகொள்வது, கதையின் திருப்பம் தெரியாமல் இருப்பதைவிட உங்களுக்கு முக்கியம் என்று நம்புகிறேன்.

1966-இல் வெளிவந்த ஜப்பானிய நாவல் ஒன்றைத் தழுவி 2016-இல் எடுக்கப்பட்ட படம் இது. நாவலை எழுதிய ஷூசாகு எண்டோ, சிறுவனாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். 1614-இல் ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. அதன்பின் நடந்த வேட்டையில் கிறிஸ்தோவாவோ ஃபெரேரா என்ற போர்த்துக்கீசியச் சேசு சபைக் குருவானவர், 1633-இல் ஐந்து மணி நேரச் சித்திரவதைக்குப் பின் விசுவாசத்தை மறுதலித்தார். இது வரலாறு. அவரைத் தேடி இரண்டு இளம் குருக்கள் இரகசியமாக ஜப்பானுக்குள் நுழைவதிலிருந்து படத்தின் கதை தொடங்குகிறது. அவர்களுள் ரொட்ரிகஸ் என்பவர், ஜுசெப்பே கியாரா என்ற உண்மையான குருவானவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாத்திரம்.

உங்கள் கொழுந்தனார் ‘வேதசாட்சிகளைப் பற்றிய படம்’ என்று சொன்னது பாதி உண்மை. கடலோரத்தில் சிலுவைகளில் கட்டப்பட்டு, ஏறிவரும் அலைகளால் அறையப்பட்டு மடியும் கிராமத்து மக்கள் வேதசாட்சிகளே. ஆனால் படத்தின் நடுவில் நிற்பவர் வேதசாட்சி ஆவதற்கு ஆசைப்பட்டு அது கிடைக்காமல் போன குருவானவர். தன் உயிரைக் கொடுக்க அவர் தயார். அதிகாரிகளோ அவர் உயிரைக் கேட்பதில்லை. கிறிஸ்துவின் உருவம் பதித்த ‘ஃபுமியே’ என்ற தகட்டை அவர் காலால் மிதித்தால், குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டிருக்கும் ஐந்து ஏழைகளை விடுவிப்பதாகச் சொல்கிறார்கள். அந்த ஏழைகள் ஏற்கெனவே பலமுறை மறுதலித்துவிட்டார்கள். அப்படியும் அவர்களுக்கு விடுதலை இல்லை. குருவானவர் குனிகிறார், தகட்டிலிருந்து ‘என்னை மிதி’ என்ற பொருளில் கிறிஸ்துவின் குரல் கேட்கிறது, மிதிக்கிறார், தொலைவில் ஒரு சேவல் கூவுகிறது. அந்தக் குரல் உண்மையா, வதைபட்ட மனத்தின் மயக்கமா என்று படம் நமக்குச் சொல்வதே இல்லை.

இதைத்தான் உங்கள் மகளின் அருகில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்பது வயது என்பது புதுநன்மைக்குத் தயாராகும் அல்லது அண்மையில் வாங்கி முடித்த வயது. இது செய்யலாம், இது செய்யக் கூடாது என்ற வேலிகள் மனத்தில் உறுதியாகிவரும் காலம் அது. சுரூபத்தைக் கீழே தவறவிட்டாலே எடுத்து முத்தமிடக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைக்கு, ‘இயேசுவே மிதிக்கச் சொன்னாரா அம்மா?’ என்ற கேள்விக்கு இரவு பத்து மணிக்கு நீங்கள் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது அவள் வயதுக்கு மீறியதாகவே இருக்கும். இரத்தம் சிந்தும் காட்சிகளையாவது ‘அது சாயம்’ என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். இந்தக் கேள்வியைச் சமாளிக்க முடியாது. இரத்தமும் குறைவில்லை. தொடக்கத்திலேயே உன்சென் மலையின் வெந்நீர் ஊற்றுகளில், துளையிட்ட அகப்பைகளால் கொதிநீரை மொண்டு குருக்களின் உடலில் சொட்டவிடுகிறார்கள். சிறை முற்றத்தில், சற்று முன்வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் முன்னிலையில் ஒருவருடைய தலை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெட்டப்படுகிறது. வைக்கோற் பாயில் சுற்றிக் கட்டிய மனிதர்களைப் படகிலிருந்து கடலில் தள்ளுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்று கொடுத்திருக்கிறார்கள்; அதாவது பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் அல்லது பொறுப்பான பெரியவர் உடனிருந்தால்தான் திரையரங்கில் பார்க்கலாம். ஆகவே மகளுக்கு வேண்டாம். ‘உள்ளறையில் தூங்கட்டும், நாம் கூடத்தில் பார்ப்போம்’ என்பதும் வேண்டாம், ஏனென்றால் இந்தப் படத்தில் பின்னணி இசை மிகவும் குறைவு. பூச்சிகளின் இரைச்சலும், அலையோசையும், மனிதர்களின் முனகலும் மட்டுமே நீண்ட நேரம் கேட்கும். கதவுக்கு அப்பால் அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கு முகம் தெரியாமல் முனகல் மட்டும் கேட்பது, படத்தைப் பார்ப்பதைவிடக் கொடியது. அவள் பாட்டி வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போயிருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. ‘பெரியவர்தானே, பார்க்கட்டும்’ என்று விட்டுவிடுவோம். படத்தின் உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலம், மீதி ஜப்பானியம். ரொட்ரிகஸின் மனப்போராட்டம் முழுவதும் அவர் எழுதும் கடிதங்களாகவும் உள்ளுக்குள் சொல்லும் செபங்களாகவும் குரலில்தான் வருகிறது. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அந்தக் குரல் போய்விடும். எஞ்சுவது காட்சி மட்டுமே. பாடுபட்ட சுரூபத்தின்மேல் துப்பச் சொல்கிறார்கள். மாதாவைப் பற்றி வாயால் சொல்லக் கூசும் ஒரு சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு சாமியாரே ஆண்டவரின் முகத்தை மிதிக்கிறார். ஏன் என்று தெரியாமல் இதை மட்டும் பார்க்கும் மூதாட்டி, அதுவும் சிலுவைப்பாதை முடித்து வந்த நாளில், எவ்வளவு புண்படுவார் என்று நினைத்துப் பாருங்கள். இதில் அவருடைய விசுவாசத்துக்கோ அறிவுக்கோ குறை எதுவும் இல்லை. அவருக்குக் கதையைச் சொல்லுங்கள். பொறுமையாக, தமிழில், ஒரு மாலை நேரத்தில் சொன்னால், படத்தைப் பார்க்கும் பலரையும்விட அவர் நன்றாகப் புரிந்துகொள்வார்.

இனி மகன். பதினைந்து வயதில் இந்தப் படத்தைத் தாங்கக்கூடிய பிள்ளைகளும் உண்டு, பதினெட்டிலும் தாங்காதவர்கள் உண்டு. அண்மையில் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்திருந்தால், அல்லது செய்துவிட்ட ஏதோ ஒரு சிறு தவற்றை நினைத்து நினைத்துத் தூக்கம் கெடும் சுபாவம் அவனுக்கு இருந்தால், இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் பொறுங்கள். இல்லையென்றால் பார்க்கலாம், ஆனால் நீங்களும் உங்கள் கணவரும் முதலில் தனியாகப் பார்த்த பிறகே. புனித வெள்ளி இரவும் வேண்டாம். ஒருசந்தியும் வழிபாடும் முடிந்து எல்லாரும் களைத்திருக்கும் நேரத்தில் 161 நிமிடப் படம் ஓடினால், முடிந்ததும் பேச யாருக்கும் தெம்பு இருக்காது. இந்தப் படத்துக்குப் பின் பேசாமல் படுக்கப் போவதுதான் பெரிய தவறு. விடுமுறை நாளில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குங்கள். முடியும்போது வெளிச்சம் மிச்சமிருக்கட்டும், கடற்கரைக்கு நடந்துபோக நேரமிருக்கட்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வதும் சரிவராது. கடற்சிலுவைக் காட்சியோடு அவன் ஓர் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும்.

தூத்துக்குடியில் இருக்கும் உங்களுக்கு அவனிடம் முன்கூட்டிச் சொல்ல ஒன்று இருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, உங்கள் கடற்கரை ஊர்களில் நடந்து, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்த அதே புனித சவேரியார்தான் 1549-இல் ஜப்பானின் காகோஷிமாவில் இறங்கினார். படத்தில் வரும் கிராமத்து மீனவர்களும் உங்கள் ஊர் மீனவர்களும் ஒரே விதையிலிருந்து முளைத்தவர்கள். 1597-இல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட 26 பேரில் மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். இவை தெரிந்திருந்தால், ‘எங்கோ ஜப்பானில் நடந்த கொடுமை’ என்ற தூரம் குறைந்துவிடும்.

படம் முடிந்த பிறகு, ‘நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று மட்டும் அவனைக் கேட்காதீர்கள். ஐந்து பேர் குழியில் தொங்கும்போது சரியான விடை எது என்று எந்தப் பெரியவருக்கும் தெரியாது. பதினைந்து வயதுப் பிள்ளையை அந்தக் குழியின் விளிம்பில் நிறுத்துவது நியாயமில்லை. கிச்சிஜிரோவைப் பற்றிக் கேளுங்கள். அவன் குடிகாரன், தன் குடும்பம் எரிக்கப்பட்டபோது மறுதலித்துத் தப்பியவன், குருவானவரையே காட்டிக்கொடுத்தவன், ஆனாலும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, பாவசங்கீர்த்தனம் கேளுங்கள் சாமி என்று காலில் விழுபவன். முதல் முறை பார்த்தபோது எனக்கு அவன்மேல் எரிச்சல் வந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது அழுகை வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, இனிச் செய்ய மாட்டேன் என்று சொல்லி, மறுபடியும் செய்துவிட்டு நிற்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு ரொட்ரிகஸைவிட அவன்தான் நெருக்கமானவன்.

கேள்வி: கொடூரமான காட்சிகளை மட்டும் ஓட்டிவிட்டுப் பார்த்தால் போதாதா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: போதாது. சிறையில் ஓர் இரவு, பக்கத்தில் யாரோ காவலாளி குறட்டை விடுகிறான் என்று நினைத்து ரொட்ரிகஸ் எரிச்சலடைகிறார்; அது குறட்டை இல்லை, குழியில் தொங்குகிறவர்களின் முனகல் என்று பிறகுதான் அவருக்குச் சொல்கிறார்கள். படத்தின் மிகக் கொடிய நேரம் அதுதான். அங்கே ஓட்டிவிட எந்தக் காட்சியும் இல்லை. காட்சிகளைத் தாண்டிப் பார்த்தால் நல்லவர் ஒருவர் காரணமில்லாமல் தோற்றுப்போன கதை மட்டுமே மிஞ்சும். ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் வீட்டுக்கு இந்தப் படம் இன்னும் உரியதில்லை.

கேள்வி: எங்கள் பங்கில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். தவக்காலத்தில் இந்தப் படத்தைத் திரையிட விரும்பினேன். ‘குருவானவர் மறுதலிப்பதில் முடியும் படத்தைக் காட்டி, மறுதலித்தாலும் பரவாயில்லை என்று கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா?’ என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (ஒரு மறைக்கல்வி ஆசிரியர், திருச்சி)

பதில்: முதலில், அந்தப் பெற்றோரின் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். நாவல் வெளிவந்தபோது ஜப்பானியக் கத்தோலிக்கர் பலரும் இதே வருத்தத்தை வெளிப்படுத்தினார்கள். உயிரைக் கொடுத்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அப்படித் தோன்றுவது இயற்கை. மறுபுறம், இந்தப் படம் 2016 நவம்பரில் உரோமையில் சேசு சபைக் குருக்களுக்குத் திரையிடப்பட்டது. ரொட்ரிகஸாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, சேசு சபைக் குருவானவர் ஒருவரின் வழிகாட்டுதலில் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளை மேற்கொண்ட பிறகே நடித்தார். விசுவாசத்தைக் கேலிசெய்ய எடுத்த படம் இல்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். இறுதியில் அது ஜப்பானியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுடைய மேய்ப்பர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

ஆயினும் உங்கள் வகுப்புக்கு உகந்ததா என்பது வேறு கேள்வி. குடும்பத்தில் ஒரு பிள்ளையின் முகம் மாறினால் தாய்க்குத் தெரியும். நாற்பது பேர் இருட்டில் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் யாருடைய முகம் மாறியது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வயதில் கூட்டமாக இருக்கும்போது அச்சம் சிரிப்பாக வெளிப்படும். ஒருவன் சிரித்துவிட்டால் அழ நினைத்தவள் அழ மாட்டாள். வெளியே போக வேண்டும் என்று தோன்றினாலும், ‘விசுவாசம் இல்லாதவள்’ என்று பார்ப்பார்களோ என்று அஞ்சிப் பலர் போக மாட்டார்கள். ஆகவே மண்டபத் திரையிடல் வேண்டாம் என்பதே என் கருத்து. முன்வரும் ஆறேழு பேர், பெற்றோரின் இசைவு, உடன் இரண்டு பெரியவர்கள், எழுந்து போகலாம் என்ற வெளிப்படையான அனுமதி, முடிந்ததும் ஒரு மணி நேரப் பேச்சு ஆகியவற்றுக்கு வழி செய்ய முடிந்தால் காட்டுங்கள்.

அந்தப் பேச்சில், படம் முடிந்த இடத்துக்குப் பின் வரலாறு என்ன ஆனது என்று மாணவர்களுக்கு மறக்காமல் சொல்லுங்கள். பெற்றோரின் கேள்விக்கும் அதில்தான் விடை இருக்கிறது. குருக்கள் ஒருவர்கூட இல்லாத நாட்டில், நாகசாகிப் பகுதியின் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள், அதிகாரிகள் வற்புறுத்திய போதெல்லாம் ஃபுமியேயை மிதித்தார்கள். வீட்டுக்குத் திரும்பி, ‘கொஞ்சிரிசான்’ என்று அவர்கள் வழங்கிய மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தாங்களே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் இப்படியே போனது. 1865 மார்ச்சில், நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்துப் பெண்கள் சிலர் வந்து, பெர்னார் பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குருவானவரிடம், உங்கள் உள்ளம்தான் எங்கள் உள்ளமும் என்று மெல்லச் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். கிறிஸ்தவம் கூடாது என்று அரசு நாட்டியிருந்த தடைப்பலகைகள் அகற்றப்பட்டது 1873-இல்தான். விசுவாசத்தை அவ்வளவு காலம் காத்துக் கொடுத்தவர்கள், மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள். வேதசாட்சிகளின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. மறுதலிப்பது சரி என்றும் ஆகிவிடவில்லை. காலால் மிதித்தவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை நாம் தீர்ப்பிட முடியாது என்பது மட்டும் தெரிகிறது. ரொட்ரிகஸ் இறந்து தகனத்துக்கு வைக்கப்படும்போது அவர் கைக்குள் ஒரு சின்னஞ்சிறு சிலுவை இருப்பதைப் படத்தின் கடைசிக் காட்சி காட்டுகிறது. அந்தச் சிலுவையை முன்பே அவருக்குக் கொடுத்தவர் கடலில் சிலுவையில் மடிந்த கிராமத்து மனிதர்களுள் ஒருவர்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள், இருபத்தைந்து ஆண்டுகளாக இங்கே வாழ்கிறோம். அப்பா இளமையில் சில மாதங்கள் தடுப்புக் காவலில் இருந்தவர். அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை, ‘என்ர வாயால ஒரு பேர் வந்திட்டுது’ என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருவார். நற்கருணை வாங்க மட்டும் எழும்ப மாட்டார். இந்தப் படத்தை நான் பார்த்தபோது அப்பாவுடைய கதை என்றே தோன்றியது. அவருக்கு இதைக் காட்டினால் மனம் ஆறுவாரா? (ஒரு மகள், டொராண்டோ)

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், மகளே. நீங்கள் கண்டுகொண்டது சரியாகவே இருக்கலாம். படம் பேசுவதும் அந்தக் காயத்தைத்தான்: உடலில் பட்ட அடியைவிட, வதை தாங்காமல் தன் வாயிலிருந்தோ தன் காலாலோ நடந்துவிட்ட ஒன்றை எண்ணி ஆயுள் முழுவதும் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்வது. ஆனால் காயம் ஒன்றாக இருப்பதாலேயே மருந்தும் அதுவே ஆகிவிடாது. உங்களுக்கு அது கதை. அவருக்கு அது நினைவு. தலைகீழாகத் தொங்கவிடுதல், இருட்டில் கேட்கும் பிறருடைய முனகல், பெயர்களைக் கேட்டுக்கொண்டு நிதானமாகப் புன்னகைக்கும் அதிகாரி என்று இந்தப் படத்திலுள்ள ஒவ்வொன்றும், சித்திரவதைக்கு உட்பட்டவரின் உடலை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அறைக்கே திருப்பி இழுத்துச் செல்லக்கூடியது. மனம் புரிந்துகொள்வதற்கு முன்பே மூச்சும் நெஞ்சும் பதறத் தொடங்கிவிடும்.

ஆகவே, ‘அப்பா, ஒரு நல்ல படம் இருக்கு, வாங்கோ’ என்று ஒன்றும் சொல்லாமல் உட்காரவைத்துவிடாதீர்கள். அவருடைய விருப்பம் கேட்கப்படாமல் அவர்மேல் எல்லாம் நடத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. நல்லெண்ணத்தோடு கூட அதைத் திரும்பச் செய்யக் கூடாது. படத்தைப் பற்றி அவரிடம் வாயால் சொல்லுங்கள். காட்டிக்கொடுத்த ஒருவனுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டே இருந்த ஒரு குருவானவரின் கதை என்று தொடங்கலாம். அவர் கேட்டால் மேலே சொல்லுங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். பேச்சை மாற்றுவதும் ஒரு பதில்தான். அவர் அந்தக் கதையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசிக்கலாம்.

படத்தைவிட அவசியமானவை இரண்டு. நற்கருணைக்கு எழும்பாமல் இருக்கும் அவருக்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735-ஆம் எண்ணில் சொல்வது தெரிந்திருக்காது: வற்புறுத்தலும் அச்சமும் ஒருவருடைய செயலுக்கான பொறுப்பைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்கவும் செய்யலாம். தமிழ் தெரிந்த, பொறுமையுள்ள ஒரு குருவானவரை வீட்டுக்கு அழைத்து, விசாரணை போலில்லாமல் சாதாரணமாகப் பழகவிடுங்கள். இந்த வார்த்தை மகளின் வாயிலிருந்து வருவதைவிட அவர் வாயிலிருந்து வந்தால் உங்கள் அப்பாவுக்கு அதன் கனம் வேறு. இரண்டாவதாக, உங்கள் நகரத்திலேயே, சித்திரவதைக்குள்ளானவர்களுக்கான கனடிய மையம் 1977 முதல் இயங்கிவருகிறது. அப்பா உடனே போக மாட்டார். முதலில் நீங்கள் போய், இத்தகைய ஒருவரோடு வீட்டில் எப்படிப் பேசுவது என்று கேட்டு வாருங்கள்.

ஒருவேளை அவரே, ‘போடு, பார்ப்பம்’ என்று சொன்னால், பகலில் பாருங்கள். விளக்கை அணைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாக இருக்கட்டும். எந்தெந்த இடத்தில் என்ன வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வாசலுக்கு அருகிலுள்ள நாற்காலியை அவருக்குக் கொடுத்து, ரிமோட்டையும் அவர் கையிலேயே கொடுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போனால் பின்னாலேயே ஓடிப் போய் என்ன என்று கேட்காமல், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருங்கள்.